நர்ஸ்கள் குரூப்பில் எதை அழிப்பது, எதை விடுவது

தமிழ்நாட்டில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸின் போனை எடுத்துப் பார்த்தால் குறைந்தது நாலைந்து வாட்ஸ்அப் குரூப் இருக்கும். கூடப் படித்த பேட்ச் குரூப், ட்யூட்டி லிஸ்ட் வருகிற வார்டு குரூப், மாவட்டக் குரூப், சங்கக் குரூப், அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. வாரியத்தின் செய்திகளுக்கு ஒன்று, வெளிநாட்டு வேலைக்கு ஒன்று. முன்பெல்லாம் ஒரு குரூப்பில் 256 பேர்தான் இருக்க முடியும். 2022-இல் வாட்ஸ்அப் அதை முதலில் 512 ஆக்கியது, அப்புறம் அதே வருடத்திலேயே 1,024 ஆக்கிவிட்டது. 256 பேர் இருந்த காலத்தில் பாதிப் பேரையாவது ஏதோ ஒரு டிரெய்னிங்கிலோ கவுன்சிலிங்கிலோ பார்த்திருப்போம். ஆயிரம் பேர் என்று ஆனதும் யார் எந்த ஊர், யார் ரெகுலர், யார் தொகுப்பூதியம், யார் இன்சார்ஜ், யார் நேற்று சேர்ந்த பிள்ளை என்று எதுவும் தெரிவதில்லை. தெரியாதவர்களிடம் வாய் கொஞ்சம் தாராளமாகவே நீளும்.

சண்டை வந்தால் அட்மின்கள் எடுக்கிற முதல் நடவடிக்கை, விதிகளைப் போட்டு குரூப்பின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைப்பது. மரியாதையாகப் பேசவும், அரசியலும் மதமும் வேண்டாம், மேலதிகாரிகளைப் பற்றி விமர்சனம் வேண்டாம், குட்மார்னிங் படம் வேண்டாம். கிட்டத்தட்ட எல்லாக் குரூப்பிலும் இதே நாலு வரிதான். இதில் இரண்டு விஷயம் விட்டுப்போவதை, அட்மினாக இருக்கிற நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நோயாளியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புதிதாக வந்து கேள்வி கேட்கிற ஜூனியரைப் பற்றியும் இருக்காது. ஆனால் மேலதிகாரியைக் காப்பாற்ற மட்டும் தனியாக ஒரு விதி இருக்கும். என் கருத்து இதற்கு நேர் எதிரானது: நோயாளி விஷயத்திலும் ஜூனியர் விஷயத்திலும் அட்மின் கல்லாக இருக்க வேண்டும், வேலைச்சூழலைப் பற்றிய கோபத்தைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கு இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கேரலின் ஸ்ட்ராம் என்ற நர்ஸின் தாத்தா, மேக்ளின் என்ற சின்ன ஊரில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து இறந்துபோனார். சில வாரம் கழித்து, 2015 பிப்ரவரியில், ஸ்ட்ராம் ஃபேஸ்புக்கில் எழுதினார். அப்போது அவர் பிரசவ விடுப்பில் இருந்தார். அந்த நிலையத்தில் அவர் வேலை பார்த்தவரும் இல்லை. சாகும் தறுவாயில் இருக்கிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் அங்கே இருந்த சிலருக்குப் போதிய பயிற்சி இல்லை, அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் பதிவின் சாரம். நன்றாகக் கவனித்தவர்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார். தானும் ஒரு நர்ஸ் என்று குறிப்பிட்டிருந்தார், பதிவை மாகாண சுகாதார அமைச்சருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் ட்விட்டரில் அனுப்பியும் வைத்தார்.

அந்த நிலையத்தில் இருந்தவர்கள் கொந்தளித்துப் புகார் கொடுத்தார்கள். மாகாண நர்ஸ்கள் சங்கம், அதாவது லைசென்ஸ் கொடுக்கிற அமைப்பு, 2016-இல் அவர் தொழில் ஒழுங்கை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னது. அபராதம் 1,000 டாலர், விசாரணைச் செலவுக்காக 25,000 டாலர். சரியான வழியில், உரிய இடத்தில் புகார் சொல்லாமல் பொதுவில் எழுதியது தப்பு என்பது அவர்கள் வாதம். கீழ்க் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. 2020 அக்டோபரில்தான் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. நீதிபதிகள் பார்த்தது இவற்றைத்தான்: பதிவை முழுசாக வாசித்தால் அதில் வன்மம் இல்லை, பாராட்டும் இருக்கிறது. எழுதியவர் துக்கத்தில் இருந்த ஒரு பேத்தி. சுகாதாரத்துறையின் குறைகளை உள்ளே இருப்பவர்களே எடுத்துச் சொன்னால் மக்களுக்கு நர்ஸ்கள் மீது நம்பிக்கை குறைந்துதான் போகும் என்று இல்லை, கூடவும் செய்யலாம்.

ஐந்தரை வருடம் ஆனது இதற்கு. ஒரு பதிவு மரியாதையாக இருக்கிறதா என்று பார்த்த சங்கம், அது யாரைக் காயப்படுத்தியது, யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று பார்க்கத் தவறியது. நம் ஊர் அட்மின்கள் தினமும் சின்ன அளவில் செய்வதும் இதே வேலைதான். "எங்க வார்டுல ஒரு நைட்டுக்கு அறுபது பேஷண்ட்டுக்கு ஒரே ஸ்டாஃப், யாரும் கேட்கிறதில்லை" என்று ஒருத்தர் எழுதினால் பத்து நிமிடத்தில் "அட்மின் இதை டெலிட் பண்ணுங்க, பிரச்சினை ஆயிடும்" என்று நாலு பேர் வருவார்கள். அந்தச் செய்தியில் நோயாளி யாரும் அடையாளம் காட்டப்படவில்லை, சக ஊழியர் யாரும் திட்டப்படவில்லை. இருந்தாலும் அது போய்விடும்.

இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி மருத்துவமனையின் பிரசவப் பிரிவு நர்ஸ்கள் ஒரு டிக்டாக் வீடியோ போட்டார்கள். பிரசவத்துக்கு வருகிறவர்களிடம் தங்களுக்கு எரிச்சலூட்டுகிற விஷயங்களை ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரிக்கிற வீடியோ. குழந்தை இன்னும் தாயின் கையிலேயே இருக்கும்போது எடை எவ்வளவு என்று கேட்பது அதில் ஒன்று. ஒரு பெயர்கூட வெளியே வரவில்லை, ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது. ஆனால் அதைப் பார்த்த கர்ப்பிணிகளுக்கு என்ன தோன்றியிருக்கும்? நாளை நான் வலியில் ஏதாவது கேட்டால் இவர்கள் வெளியே போய் என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்றுதானே. அந்த நர்ஸ்கள் இனி இங்கே வேலையில் இல்லை என்று மருத்துவமனை அறிவித்தது. நம் நாட்டில் 2019 ஜூனில் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நர்ஸ்கள் டிக்டாக் எடுத்து அது பரவியது. நோட்டீஸ் கொடுத்து அவர்களை விடுப்பில் அனுப்பினார்கள். கோபமே இல்லாத, சிரிப்பும் பாட்டுமான பதிவுகள்தான் இவை இரண்டும். நம் குரூப்பில் எதாவது ஒன்றில் போட்டிருந்தால் இதயம் இதயமாக விழுந்திருக்கும், நாலு வரி விதியில் எதுவும் தடுத்திருக்காது.

நோயாளியின் அடையாளம் குரூப்பில் எப்படி வெளியே வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கெட்ட எண்ணத்தோடு யாரும் போடுவதில்லை. சந்தேகம் கேட்கத்தான் போடுகிறார்கள். ஒரு ஈ.சி.ஜி. ஸ்ட்ரிப்பைப் படம் எடுத்து "இது என்ன ரிதம்?" என்று கேட்பார்கள், மேல் மூலையில் மெஷினே பெயரையும் வயதையும் அச்சடித்திருக்கும். எக்ஸ்ரேயின் ஓரத்தில் பெயரும் தேதியும் இருக்கும். காயத்தைப் படம் எடுத்தால் கையில் கட்டின டேக்கில் ஐ.பி. நம்பர் தெரியும், இல்லாவிட்டால் புஜத்தில் பச்சை குத்தின பெயர் தெரியும். மருந்து எழுதியதைக் காட்ட கேஸ் ஷீட்டை எடுத்தால் முகவரி முதல் போன் நம்பர் வரை வந்துவிடும். இதையெல்லாம் வெட்டிவிட்டுப் போட்டாலும் பிரச்சினை முடிவதில்லை. "நேத்து நைட் எங்க ஜி.எச்.சுக்கு வந்த பதினாறு வயசுப் பொண்ணு" என்று எழுதினால் போதும், அந்தத் தாலுகாவில் யார் என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பெரிய நகரத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடலாம். நம் ஊர்களில் ஊர் பெயரும் நாளும் வயதும் சேர்ந்தாலே அது பெயர்தான்.

சட்டமும் இதில் விளையாட்டு இல்லை. எச்.ஐ.வி. இருப்பதை அந்த நபரின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் குற்றமாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆயிரம் பேர் இருக்கிற குரூப்பில் போட்டுவிட்டு "இது நம்ம நர்சஸுக்குள்ளதானே" என்று சொல்ல முடியாது. எனவே இந்த வகைப் பதிவில் அட்மின் வாதம் செய்துகொண்டு இருக்கக் கூடாது. முதலில் நீக்கிவிட வேண்டும், பேச்சு அப்புறம். 2022 முதல் வாட்ஸ்அப்பில் அட்மினே யாருடைய செய்தியையும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்க முடிகிறது. அதற்கு முன்பு போட்டவரைத் தேடிப்பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது, அவர் ட்யூட்டியில் போனை லாக்கரில் வைத்திருப்பார். இன்றைக்கு அந்தச் சாக்கு இல்லை. அழித்த பிறகு போட்டவருக்குத் தனியாக ஒரு வரி: "பெயர் தெரிந்தது, அதனால் எடுத்தேன். மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள், பதில் சொல்கிறோம்." இந்த வரி முக்கியம். அது இல்லாவிட்டால் அவர் அடுத்த முறை கேள்வியே கேட்க மாட்டார்.

கேள்வி கேட்காமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ராத்திரி ரெண்டு மணி. புதுசாகச் சேர்ந்த ஸ்டாஃப் ஒருத்தர் குரூப்பில் எழுதுகிறார்: "அக்கா, பேஷண்ட்டுக்கு பொட்டாசியம் 2.8. கே.சி.எல். ஒரு ஆம்பூல் ஐ.வி.ன்னு எழுதியிருக்காங்க. எதுல மிக்ஸ் பண்ணி எவ்வளவு நேரத்துல விடணும்?" முதல் பதில் வருகிறது: "மூணு வருஷம் என்னத்தப் படிச்ச?" அடுத்தது ஒரு சிரிப்பு ஸ்டிக்கர். மூன்றாவது: "இப்பல்லாம் பிரைவேட் காலேஜ்ல பீஸ் கட்டினாலே பாஸ்தான்." அந்தப் பிள்ளை செய்தியை அழித்துவிட்டுப் போய்விடும்.

வேலை தெரிந்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. நம் கையில் வருகிற கே.சி.எல்., அதாவது பொட்டாசியம் குளோரைடு, ஆம்பூல் 10 மில்லி, அதில் 20 மில்லி ஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கிற அலகு) பொட்டாசியம் இருக்கிறது. அதை நீர்க்காமல் அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். நிறைய ஃப்ளூயிடில் கலந்து, சாதாரணமாகக் கை நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் போகாமல், மெதுவாக விட வேண்டிய மருந்து. அந்த ராத்திரியில் தனக்குத் தெரியாது என்று தெரிந்து கேட்டவர்தான் அந்த வார்டிலேயே பாதுகாப்பான ஆள். அவருக்குப் போயிருக்க வேண்டிய பதில் இப்படி இருந்திருக்கலாம்: "நேரடியா போடவே கூடாதும்மா. எந்த ஃப்ளூயிட், எத்தனை மணி நேரம்னு கேஸ் ஷீட்ல தெளிவா எழுதச் சொல்லி ட்யூட்டி டாக்டரை இப்பவே கூப்பிடு. கேட்க பயமா இருந்தா எனக்கு போன் பண்ணு." இதில் குரூப் டோஸ் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். முகம் தெரியாத ஒருத்தர் வாட்ஸ்அப்பில் சொன்ன அளவை வைத்து மருந்து போடுவதும் ஆபத்துதான். யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டுத் தைரியம் கொடுப்பதோடு குரூப்பின் வேலை முடிகிறது.

ஏளனம் வேலையைக் கெடுக்கும் என்பது வெறும் ஆதங்கம் இல்லை. இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிற 24 குழுக்களை, டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்தவை, ஒரு பயிற்சியில் வைத்துப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென்று மோசமாவதுபோல் அமைத்த பயிற்சி. சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் மட்டம்தட்டிப் பேசினார், மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினார். மட்டம்தட்டப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் தெளிவாகப் பின்தங்கின. உதவி கேட்பதும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் அவர்களிடம் குறைந்துபோனது. 2015-இல் வெளியான ஆய்வு இது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை, நாலு வார்த்தை மட்டமாகப் பேசியதற்கே இந்த விளைவு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற ஜாயின்ட் கமிஷன் 2008-லேயே இதை நோயாளிப் பாதுகாப்புப் பிரச்சினை என்று எச்சரித்திருந்தது.

சரி, நர்ஸ்களுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு கடி? உலகம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. 1986-இல் ஜூடித் மைஸ்னர் என்ற அமெரிக்க நர்சிங் ஆசிரியை, நாம் நம் குஞ்சுகளையே தின்கிறோமா என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதினார், அது இன்றுவரை அந்தத் தொழிலில் பழமொழியாகவே புழங்குகிறது. அதற்கு மூன்று வருடம் முன்பே சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்பவர் காரணத்தை வேறு இடத்தில் தேடியிருந்தார். அடக்கிவைக்கப்பட்ட மக்கள் தங்களை அடக்குகிறவர்மேல் கோபத்தைக் காட்ட முடியாமல், பக்கத்தில் இருக்கிற தன்னைப் போன்றவர்மேலேயே காட்டுவார்கள் என்று அடக்குமுறையைப் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் ஃபானனும் காலனி நாடுகளைப் பற்றிச் சொன்னதை அவர் நர்ஸ்களுக்குப் பொருத்திப் பார்த்தார். டாக்டரிடம் வாங்கிய திட்டு, நிர்வாகம் கொடுத்த மெமோ, நோயாளியோடு வந்த அட்டெண்டர் போட்ட சத்தம் எல்லாம் மேலே திரும்பிப் போக வழியில்லை. பக்கவாட்டில் போகிறது, கீழே போகிறது. எனக்கு இந்த விளக்கம் பெரிய அளவில் சரி என்றே படுகிறது. அதனால்தான் மேலே போகிற கோபத்தை குரூப்பில் அடைத்துவிடாதீர்கள் என்று சொல்கிறேன். மேலே போகிற வழியை அடைத்தால் அது ஜூனியரிடம்தான் போய் இறங்கும்.

நம் ஊரில் அதற்கு இன்னும் நிறைய படிகள் இருக்கின்றன. ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு படித்தவரை ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர் மதிப்பதில்லை, அவரை பி.எஸ்சி. நர்சிங் படித்தவர் மதிப்பதில்லை. அரசு காலேஜ், தனியார் காலேஜ். ஆண் நர்ஸ் ஏதாவது சொன்னால் "நீங்க எப்படி இந்த ஃபீல்டுக்கு வந்தீங்க" என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே ரெகுலர், தொகுப்பூதியம் என்ற பிளவு. 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாமல் 2017 நவம்பரில் சென்னையில் சுகாதாரத்துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2022 டிசம்பர் 31-ஓடு, கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு வேலை முடிந்தது என்று ஆனது. ஒரே வார்டில், ஒரே யூனிஃபார்மில், ஒரே வேலையை மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குச் செய்கிறவர் குரூப்பில் எழுதும்போது தேன் ஒழுக எழுத மாட்டார். அவரிடம் போய் "டோன் சரியில்லை சிஸ்டர்" என்று ஒரு ரெகுலர் அட்மின் சொன்னால், சொன்னது எவ்வளவு பணிவாக இருந்தாலும் அதில் ஒரு அநியாயம் இருக்கிறது.

நாகரிகம் என்ற பெயரில் மேலிருந்து வருகிற விதிகள் எப்போதும் நாகரிகத்துக்காகவே வருவதில்லை என்பதற்கு டெல்லியில் ஒரு நல்ல சாட்சி உண்டு. 2021 ஜூனில் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள்: நர்ஸ்கள் வேலை இடத்தில் மலையாளம் பேசக் கூடாது, இந்தியோ ஆங்கிலமோதான் பேச வேண்டும், மீறினால் கடும் நடவடிக்கை. நோயாளிகளுக்குப் புரியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நோயாளியிடம் அவருக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு நர்ஸ்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தை தாய்மொழியில் பேசிக்கொள்வதையும் சேர்த்து அல்லவா அடைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே வாபஸ் ஆனது. குரூப் விதி எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: இந்த விதி யாருடைய சௌகரியத்துக்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாலே பாதி விதிகள் உதிர்ந்துவிடும்.

ஜூனியரைக் கடிக்கிறவர்களை என்ன செய்வது? நீக்குவது எளிது, ஆனால் அவர்களில் பலர் நல்ல வேலைக்காரர்கள், அனுபவம் அவர்களிடம்தான் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த முயற்சி மார்த்தா கிரிஃபின் என்பவர் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்தது. புதிதாகச் சேர்ந்த 26 நர்ஸ்களுக்கு, சீனியர்கள் மட்டம்தட்டினால் என்ன பதில் சொல்வது என்பதை முன்கூட்டியே சொல்லிப் பழக வைத்தார். கண்ணை உருட்டினால் இது, எல்லார் முன்னாலும் குறை சொன்னால் இது, பின்னால் பேசினால் இது என்று சின்னச் சின்ன வாக்கியங்கள். அதை லேமினேட் செய்த அட்டையில் அச்சடித்து ஐ.டி. கார்டோடு வைத்துக்கொள்ளக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் பேசிப் பார்த்தபோது, அவர்களால் எதிர்த்துப் பேச முடிந்தது, பேசிய இடத்தில் அந்த நடத்தையும் நின்றிருந்தது. 2004-இல் இதை எழுதி வெளியிட்டார்.

இதை குரூப்பில் அட்மின்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்த்துப் பதில் பேசுவது நடக்கிற காரியம் இல்லை. நான் பொதுவில் எழுதுவது இவ்வளவுதான்: "அக்கா, கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லுங்க, மற்றது வேண்டாம்." பெரும்பாலும் அதற்கே அடங்கிவிடும். திரும்ப ஆரம்பித்தால் போன் செய்து பேசுவேன், குரூப்பில் இழுக்க மாட்டேன். ஆயிரம் பேர் முன்னால் ஒரு சீனியரை அவமானப்படுத்தினால் அவர் திருந்தப்போவதில்லை, அவருடைய வார்டில் இருக்கிற ஜூனியர்தான் மறுநாள் அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்வார். போன் செய்து பேசினால், அநேகமாக மூன்று நைட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்தவர், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதவர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதற்காக விட்டுவிட முடியாது, ஆனால் பேசுகிற விதம் மாறும். சாதியைச் சொல்லியோ, பெண் என்றோ ஆண் என்றோ இழிவாகவோ பேசினால் இந்தப் படிகள் எதுவும் கிடையாது, உடனே வெளியே.

சண்டை வந்தால் "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று பூட்டிவிடுகிற பழக்கம் 2018-இல் அந்த வசதி வந்ததில் இருந்து பரவிவிட்டது. அரசாணை வருகிற நாளிலும் கவுன்சிலிங் நாளிலும் அது உதவும். மற்ற நேரத்தில் பூட்டினால் அந்தப் பேச்சு நிற்காது, ஏழு பேர் சேர்ந்து வேறொரு குரூப் தொடங்கி அங்கே இன்னும் மோசமாகப் பேசுவார்கள், அங்கே நோயாளிப் படத்தை எடுக்கச் சொல்லவும் ஆள் இருக்காது.

பயத்தில் பூட்டுகிறவர்களும் உண்டு. யாரோ போட்டதற்கு அட்மினைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயம். கோர்ட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. 2021-இல் பாம்பே உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, அதே வருடக் கடைசியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2022-இல் கேரள உயர்நீதிமன்றம், மூன்றும் ஒரே திசையில்தான் போயின: உறுப்பினர் போட்ட செய்திக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு. மதுரைக் கிளைக்கு வந்தது கரூரில் வழக்கறிஞர்கள் வைத்திருந்த ஒரு குரூப்பின் பிரச்சினை என்பதும் கவனிக்க வேண்டியது, ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குரூப்தான் அதுவும்.

வதந்தி, ஏஜென்ட் இரண்டுக்கும் நான் வைத்திருக்கிற விதி சுலபமானது. புதிய அரசாணை என்று எது வந்தாலும் எண், தேதி, துறை மூன்றும் இல்லாவிட்டால் நிற்காது. வெளிநாட்டு வேலை விளம்பரம் என்றால் ஏஜென்சியின் அரசு லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு நர்ஸ்களை ஏமாற்றி லட்சக்கணக்கில் பிடுங்கிய மோசடிகள் வெடித்த பிறகு 2015-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததும், தமிழக அரசுக்கே ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் இருப்பதும் புதுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. "சவுதி, உடனடி இன்டர்வியூ, நகை அடகு வைத்தாவது வாங்க" என்ற ரக விளம்பரம் எவ்வளவு மரியாதையான தமிழில் வந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஸ்க்ரீன்ஷாட். இதற்கு எனக்கு முழுத் தீர்வு தெரியாது. அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தலைக்கு மேலே இருக்கின்றன, அரசை விமர்சித்தார் என்று மெமோ கொடுக்க ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். தனியார் மருத்துவமனை என்றால் மெமோகூட வராது, நாளையில் இருந்து வர வேண்டாம் என்றுதான் வரும். குரூப்பில் பேசியதை மேலே கொண்டுபோய்க் கொடுப்பவர் இருக்கிறார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பேஷண்ட் எண்ணிக்கை பற்றிய பேச்சு அன்றோடு நின்றுவிடும், குட்மார்னிங் மட்டும் மிஞ்சும். அப்படிக் கொடுத்தவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால், விசாரணை எதுவும் வேண்டாம், அவரை நீக்குவதில் நான் தயங்குவதில்லை. சில குரூப்களில் ஏழு நாளில் செய்தி தானாக மறைகிற வசதியைப் போட்டிருக்கிறார்கள். பழைய கோபங்களைத் தோண்டி எடுக்க முடியாது என்ற அளவில் அது உதவுகிறது, ஆனால் யாரோ ஒரு சீனியர் பொறுமையாக உட்கார்ந்து டைப் செய்த நல்ல பதிலும் அதோடு போய்விடுகிறது. அதனால் நாங்கள் இரண்டாகப் பிரித்தோம்: வேலைச் சந்தேகங்களுக்கு ஒரு குரூப், அதில் எதுவும் மறையாது, மற்ற பேச்சுக்கு இன்னொன்று, ஏழு நாள்தான். இரண்டிலும் அட்மின்களில் ஒருவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர், ஒருவர் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர், ஒருவர் ஆண் நர்ஸ். ராத்திரி ட்யூட்டியில் இருக்கிற அட்மின் யாரோ அவர் பெயரை அன்று மாலையே குரூப் விவரத்தில் எழுதிவிடுகிறோம், ஏனென்றால் படம் தப்பாக வந்து விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.